நிழலுலகத்துக் கதை தொடங்கும் முன் நான் கேட்காமல் விட்டது

போன வருஷம் பிப்ரவரியில் தொடங்கிய எங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் நவம்பர் 2-ஆம் தேதி சாயங்காலம், நாகர்கோவில் வடசேரியில் என் வீட்டு மாடி அறையில், பாதியில் நின்றது. அன்றைக்கு எழுந்து போன நண்பன் இரண்டு மாதம் என்னிடம் பேசவில்லை. அவன் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஆரம்பத்திலேயே நான் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அந்த இரண்டு மாதமும் இதை யாரிடம் சொல்லி யோசனை கேட்பது என்றே தெரியாமல் தவித்தேன். வீட்டில் சொன்னால் "ஒரு விளையாட்டுக்கா இப்படி இருக்க?" என்பார்கள். இந்த ஆட்டம் ஆடுகிறவர்கள் என்று நம்ம ஊரில் எனக்குத் தெரிந்ததே என் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள்தான், அவர்கள் முகத்தில் விழிக்கவே கூச்சமாக இருந்தது. இங்கே வேறு யாராவது அந்த ஆட்டத்தில் வரும் ஷடர்-காய் என்ற நிழலுலக மக்களை வைத்துக் கதை நடத்த ஆசைப்பட்டால் அவர்களுக்காவது உதவட்டும் என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆட்டம். ஒருவர் கதை நடத்துவார், அவரை டிஎம் என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக இருந்து "நான் இதைச் செய்கிறேன்" என்று வாயால் சொல்வார்கள். அது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள பகடை தீர்மானிக்கும். கதாபாத்திரத்துக்கு ஒரு இனம் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்ஃப், குள்ளர்கள் எல்லாம் பலரும் கேள்விப்பட்டது. என்னைப் பிடித்துக்கொண்டது ஷடர்-காய். அவர்கள் ஷாடோஃபெல் என்ற நிழலுலகத்தோடு பிணைக்கப்பட்டவர்கள். ஷாடோஃபெல் நம் உலகத்தின் எதிரொலி மாதிரி: இங்கே ஒரு ஊர் இருந்தால் அங்கேயும் அதே இடத்தில் ஒன்று இருக்கும், ஆனால் நிறம் வெளிறி, சுவர் இடிந்து, ஆள் நடமாட்டம் அற்று. ரேவன் குயின் என்ற அண்டங்காக்கை ராணி அங்கே நினைவுகளின் கோட்டையில் இருக்கிறாள். ஷடர்-காய்கள் அவளுடைய ஊழியர்கள். உலகம் முழுக்க அலைந்து, துயரமான நினைவுகளையும் ஆன்மாக்களையும் தேடிச் சேர்த்து அவளிடம் கொண்டுபோவது அவர்கள் வேலை. நிழலுலகத்துக்குள் இருக்கும்போது முதுமையேறி வற்றிப்போன உடம்பு, வெளியே வந்தால் இளமையான, ஆனால் ரத்தமே இல்லாத மாதிரி வெளுத்த முகம். இறந்தாலும் ராணி அவர்களை மறுபடி பிறக்க வைத்துவிடுவாள். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது ஏன் எனக்கு அவ்வளவு பிடித்தது என்றால், நான் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவன். கோயில் கொடைக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்து, அநியாயமாகச் செத்தவர்கள் தெய்வமாகித் திரும்பி வந்து நிற்கிற கதைகளைக் கேட்டவன். முப்பந்தலில் காற்றாலைகளுக்கு நடுவே இசக்கியம்மன் கோயிலைப் பஸ்ஸில் கடக்கும்போது இன்றைக்கும் கையைக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். அதனால் நிழலுலகம் என்று படித்ததும் இது நம்ம ஊர் விஷயம் என்று தோன்றிவிட்டது. ராணியின் இடத்தில் இசக்கியை வைக்கலாம், ஷடர்-காய்களுக்குப் பதில் எங்கள் பக்கத்துச் சிறுதெய்வங்களான வாதைகள் என்றுகூட எழுதிவைத்தேன். எங்களோடு ஆடுகிற தக்கலை அக்கா அதைப் பார்த்ததும் நிறுத்தினார். "தம்பி, எங்க வீட்டுல இன்னைக்கும் பொங்கல் வைக்கிற தெய்வம் இது. பகடை உருட்டி அதை அடிக்கிற மாதிரி வந்தா நான் வரமாட்டேன்" என்றார். நியாயமாகப் பட்டது, உடனே எடுத்துவிட்டேன். இதிலிருந்தே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். கும்பிடுகிற தெய்வத்தைக் கதைக்குள் இழுக்காதீர்கள், அந்த ஆட்டத்தில் உள்ள காக்கை ராணியே போதும். அக்கா சொன்ன மாதிரி, அமாவாசைக்குக் காக்காவுக்குச் சோறு வைக்கிற நமக்கு அவள் ஒன்றும் அந்நியம் இல்லை.

பணம் போன கதையையும் சொல்கிறேன். இந்த ஆட்டத்துக்குப் பல பதிப்புகள் உண்டு. பதிப்புக்குப் பதிப்பு இந்த மக்களின் கதையே மாறிவிடும் என்பது தெரியாமல் புத்தகம் வாங்கினேன். மூன்றாம் பதிப்புக் காலத்தில், 2003-ல், ஷடர்-காய்கள் நிழலுக்குத் தங்களை விற்ற மாயக் குலத்தார். நிழல் தங்களை விழுங்கிவிடாமல் இருக்க உள்பக்கம் முள் வைத்த வளையத்தை மாட்டிக்கொண்டு, அந்த வலியிலேயே உயிர்ப்போடு இருப்பார்கள். 2008-ல் வந்த நான்காம் பதிப்பில் அவர்கள் ஒரு காலத்தில் மனிதர்களாக இருந்தவர்கள். ஐந்தாம் பதிப்பில், 2018 புத்தகத்திலிருந்து, அவர்கள் எல்ஃப் இனத்தின் ஒரு கிளை. நான் இது எதையும் பார்க்காமல் நான்காம் பதிப்புக்காக 2011-ல் வந்த, புத்தகமும் வரைபடமும் அடங்கிய நிழலுலகப் பெட்டியை வெளிநாட்டு விற்பனையாளரிடம் பழையதாக வாங்கினேன், அனுப்பும் செலவோடு 6,800 ரூபாய். நாங்கள் ஆடியது ஐந்தாம் பதிப்பு. பெட்டியில் இருந்த எண்கள் ஒன்றும் பொருந்தவில்லை. எங்கள் மேஜையில் ஒருவன் மனிதப் பரம்பரை என்று பின்கதை எழுதிவந்தான், இன்னொருவர் எல்ஃப் என்று எழுதிவந்தார். அதைச் சரிசெய்யவே இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

ஐந்தாம் பதிப்புப் புத்தகங்கள் மூன்று, 10,500. பகடைகள் 1,200. சின்னச் சின்னப் பொம்மைகள் 2,400. வரைபடங்களை ஃபிளெக்ஸ் போர்டு கடையில் அச்சடித்தது 540. கூட்டினால் 21,440 ரூபாய். இதில் உருப்படியாகப் பயன்பட்டது பகடையும் ஃபிளெக்ஸும்தான் என்று இப்போது நினைக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் மூன்று மாதம் புத்தகமே வாங்க வேண்டாம். அடிப்படை விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் விதித் தொகுப்பையே யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டார்கள். அதில் ஷடர்-காய் இல்லை, ஆனால் எல்ஃப் இருக்கிறது. எல்ஃபை எடுத்து, முகத்தை வெளுத்து, நிழலுலகத்துப் பின்கதை கொடுத்தால் ஆட்டத்துக்குப் போதும். ஆசை தீராவிட்டால் அப்புறம் 2022-ல் வந்த 'மான்ஸ்டர்ஸ் ஆஃப் தி மல்டிவர்ஸ்' புத்தகம் ஒன்றை மட்டும் வாங்குங்கள். அதில் ஷடர்-காய் கண்ணிமைக்கும் நேரத்தில் 30 அடி தாவி மறைந்து இன்னொரு இடத்தில் தோன்றலாம், கதாபாத்திரம் வளர்ந்து மூன்றாம் நிலையை எட்டியதிலிருந்து, தாவிய கையோடு சற்று நேரம் எந்த அடியும் பாதிதான் படும். என் மேஜையில் எல்லோருக்கும் பிடித்த விஷயம் அந்தத் தாவல்தான். நான் ராத்திரி ராத்திரியாகப் படித்த பழைய பெட்டியை ஒருவரும் கேட்கவில்லை. பழைய பதிப்பு எது வாங்கினாலும் அட்டையில் எந்தப் பதிப்பு என்று பார்த்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

நாலு பேர் ஆடினார்கள். தக்கலை அக்கா, மார்த்தாண்டத்திலிருந்து வரும் என் தம்பி முறையுள்ள பையன், அவனுடைய அலுவலக நண்பர் ஒருவர், அப்புறம் தூத்தூர் பக்கத்துக் கடற்கரைக்காரனான என் கல்லூரி நண்பன். ஷடர்-காய் வேண்டும் என்று கேட்டு வாங்கியவன் அவன்தான். நிழலுலகம் நம் உலகத்தின் எதிரொலி என்பதால் நான் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தையே வரைபடமாக்கினேன். பத்மநாபபுரம் அரண்மனையின் மரத்தூண்கள் கரையான் அரித்து நிற்கும். நாகர்கோவில் மணிமேடையில் கடிகார முள் ஓடும், ஆனால் நேரம் நகராது. பறளியாற்றின் மேல் 1966-ல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலத்தில் தண்ணீருக்குப் பதில் கரும்புகை ஓடும், 115 அடி கீழே ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே தெரியாது. இதை எல்லோரும் அவ்வளவு ரசித்தார்கள். ஊர்ப் பெயர் வந்தாலே மேஜை உயிர்பெற்றுவிடும். தெரிந்த இடத்தை வைத்துக் கதை நடத்துங்கள் என்று யாருக்கும் தைரியமாகச் சொல்வேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே உற்சாகத்தில் நான் குளச்சலையும் வரைந்தேன். அசையாத கடல், அலை எழும்பிய இடத்திலேயே உறைந்து நிற்கும், மணலில் திரும்பி வராத படகுகளின் நிழல் மட்டும் வரிசையாக. அழகாக வந்திருக்கிறது என்று எனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் எங்கள் மாவட்டத்தை அடித்தபோது என் நண்பனின் சித்தப்பா ஆழ்கடலில் இருந்தார். தூத்தூர் பக்கத்து ஆட்கள் சுறா பிடிக்க நீளத் தூண்டில் போடுகிறவர்கள், ஒரு தடவை போனால் வாரக்கணக்கில் கரை திரும்ப மாட்டார்கள். எச்சரிக்கை வருவதற்கு முன்பே போனவர்கள். அவர் உடல் கிடைக்கவில்லை. இது எனக்குத் தெரியும். அந்த டிசம்பரில் அவன் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்திருந்தவன் நான். ஆனால் எட்டு வருஷம் ஆகிவிட்டது, அவனே கடற்கரை ஊரைப் பற்றிச் சிரித்துப் பேசுகிறான், கதைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடையாளம் முன்பே தெரிந்தது. ஜூலையில் ஒரு சண்டையில் அவனுடைய ஷடர்-காய் இறந்தான். அந்த இனத்தின் கதைப்படி ராணி அவனை மறுபடி எழுப்புவாள். நான் சிரித்துக்கொண்டே, "கவலைப்படாத மக்கா, உன் ஆளுக்குச் சாவே கிடையாது, ராணி திருப்பி அனுப்பிருவா" என்றேன். மற்றவர்கள் கைதட்டினார்கள். அவன் பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தான், அன்றைக்கு ஆட்டம் முடியும் வரை அப்புறம் ஒன்றும் பேசவில்லை. அசதியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். நிழலுலகத்தில் மனச்சோர்வுக்கு ஒரு விதியே இருக்கிறது: அந்த உலகத்தைச் சேராதவர்கள் பகடை உருட்டிப் பத்தைத் தொட வேண்டும், தவறினால் எதிலும் பிடிப்பு இல்லாமல் போவது, காரணமில்லாத நடுக்கம், புத்தி பேதலிப்பது என்று மூன்றில் ஒன்று வந்து ஒட்டும். அந்த உலகத்துக்காரனான ஷடர்-காய்க்கு இந்தச் சோதனை கிடையாது. அதனால் மற்றவர்கள் எல்லோரும் உருட்டும்போது அவன் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பான். டிஎம்மாக இருப்பவர்கள் கதாபாத்திரத்தின் எண்ணைப் பார்ப்பதைவிட எதிரே இருப்பவன் கையைப் பாருங்கள். பேசுகிறவன் திடீரென்று பேச்சை நிறுத்தினால் ஐந்து நிமிஷம் சாயா குடிக்க இடைவேளை விட்டு, தனியாகக் கூப்பிட்டு விசாரியுங்கள். அதற்கு எந்தப் புத்தகமும் வேண்டாம்.

நவம்பர் 2 ஞாயிற்றுக்கிழமை. கல்லறைத் திருநாள். இறந்தவர்கள் கதைக்குப் பொருத்தமான நாள் என்று நானேதான் தேதி குறித்தேன். இதை எழுதும்போது இப்போதும் உடம்பு கூசுகிறது. லைட்டை அணைத்து மேஜையில் நாலு மெழுகுதிரி ஏற்றிவைத்திருந்தேன். அவன் கடைசியாக வந்தான். வெள்ளைச் சட்டை, வலது கை மடிப்பில் மெழுகு சொட்டி உறைந்து ஒட்டியிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, உட்காரு என்று சொல்லிக் கதையைத் தொடங்கினேன். உறைந்த குளச்சல் கடற்கரையில் ராணியின் தூதன் வந்து நிற்கிறான், ஷடர்-காயிடம் ஒரு நினைவைக் காணிக்கையாகக் கேட்கிறான். நான் அவனிடம், "நீ இழந்த ஒருத்தரைச் சொல்லு. கடைசியா எங்க பார்த்த, என்ன சொன்னாரு?" என்றேன். அவன் கதாபாத்திரத்தின் குரலில்தான் ஆரம்பித்தான். "துறைமுகத்தில் பார்த்தேன். படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்." அப்புறம் குரல் மாறியது. "கிறிஸ்மஸுக்கு வந்திருவேன்னாரு."

எங்கள் கதையின் உலகத்தில் கிறிஸ்மஸ் கிடையாது. யாரும் அசையவில்லை. அவன் பகடையை மேஜையில் வைத்துவிட்டு, "போறேன் மக்கா" என்று படியிறங்கிப் போனான். பைக் சத்தம் தெருமுனை தாண்டும் வரை நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம். அக்காதான் எழுந்து ஒவ்வொரு மெழுகுதிரியாக அணைத்தார்.

அடுத்த நாள் மன்னிப்புக் கேட்டு நீளமாக மெசேஜ் அனுப்பினேன், பதில் இல்லை. இன்னும் இரண்டு அனுப்பினேன். இதுவும் நான் செய்த தப்பு. ஒன்று அனுப்பிவிட்டு நிறுத்தியிருக்க வேண்டும், என் குற்ற உணர்ச்சியைத் தணிக்க அவனைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தேன். ராத்திரிகளில் தூக்கம் வராமல் இதைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான், எனக்கு நடந்தது புதிதில்லை என்று தெரிந்தது. இந்த மாதிரி ஆட்டங்களுக்கென்றே ஏற்பாடுகள் பல வருஷமாக இருக்கின்றன. ரான் எட்வர்ட்ஸ் சொன்ன ஒரு முறை: எங்கள் கதைக்குள் வரவே கூடாதவற்றுக்கு ஒரு கோடு, வரலாம் ஆனால் கண்முன் விவரிக்க வேண்டாம் என்பவற்றுக்கு ஒரு திரை. ஜான் ஸ்டாவ்ரோபவுலோஸ் என்பவர் கொண்டுவந்தது இன்னும் எளிது: பெருக்கல் குறி போட்ட ஒரு அட்டையை மேஜை நடுவில் வைப்பது. யார் அதைத் தொட்டாலும் அந்தக் காட்சி அங்கேயே நிற்கும், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. முதல் ஆட்டத்துக்கு முன்பே ஒரு நாள் பகடை இல்லாமல் உட்கார்ந்து இதையெல்லாம் பேசிக்கொள்வது வழக்கமாம். நான் 6,800 ரூபாய்க்குப் பெட்டி வாங்கினேன், இந்த அட்டைக்கு ஒரு பைசா செலவில்லை.

ஜனவரியில் அவன் வீட்டுக்கே போனேன். அவன் அம்மை "வா மக்களே, இருந்து ஒரு சாயா குடி" என்று ஒன்றும் நடக்காத மாதிரி உட்காரவைத்தார். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் தூண்டில் வளைவுப் பக்கம் போய்க் கல்லில் உட்கார்ந்தோம். அவனே பேசினான். அன்று காலை கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்திருக்கிறான். சித்தப்பாவுக்குக் கல்லறை இல்லாததால் தாத்தா கல்லறையிலேயே இரண்டு திரி ஏற்றுவார்களாம், ஒன்று தாத்தாவுக்கு, ஒன்று அவருக்கு. "நீ மெழுகுதிரி ஏத்தி வச்சிருந்தல்லா, அப்பவே திரும்பிப் போயிருக்கணும்" என்றான். நான் இனிமேல் இந்தக் கதையே வேண்டாம், பெட்டியைக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அதற்கு அவன் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. "லேய், அந்த ஷடர்-காயை நான் ஏன் எடுத்தேன்னு நினைக்க? செத்துத் திரும்பி வாறவன் எப்படி இருப்பான், வந்ததும் வீட்டுல என்ன சொல்லுவான்னு யோசிச்சுப் பாக்கத்தான். ஆனா அதை நான் சொல்லணும். நீ கேக்கப்பிடாது."

நிழலும் சாவும் வேண்டாம் என்று அவன் சொல்லவே இல்லை. நான் ஒன்று ஆழம் தெரியாமல் தள்ளினேன், இல்லையென்றால் மொத்தமாக மூடிவிடப் பார்த்தேன். அவனைக் கேட்கலாம் என்பது இரண்டு தடவையும் தோன்றவில்லை. இப்போது இந்த மக்களை வைத்து யார் கதை நடத்தினாலும் நான் சொல்வது, ஷடர்-காய் ஆகட்டும், 2021-ல் வந்த புத்தகத்தில் இருக்கிற செத்துத் திரும்பி எழுந்த ரீபார்ன் ஆகட்டும், அந்த இனத்தைத் தேர்ந்தெடுக்கிறவரிடம் தனியாகப் போய், ஏன் இது என்று கேளுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் வற்புறுத்த வேண்டாம், எதைத் தொடக் கூடாது என்று மட்டும் தெரிந்தால் போதும். எங்கள் மாவட்டத்தில் 2004 சுனாமியிலும் 2017 ஒக்கியிலும் ஆள் இழக்காத கடற்கரைத் தெரு அபூர்வம். கடலை வரையும் முன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேளுங்கள்.

பிப்ரவரியில் மறுபடி கூடினோம், இந்தத் தடவை தக்கலை அக்கா வீட்டில், பகல் வெளிச்சத்தில். முதல் நாள் பகடையே எடுக்கவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் பெருக்கல் குறி போட்டு மேஜை நடுவில் வைத்தோம். அக்கா குழந்தைகளுக்குத் தீங்கு வருகிற காட்சி வேண்டாம் என்றார். தம்பி தனக்கு அப்படி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு, அரைமணி நேரம் கழித்து ஆஸ்பத்திரி வேண்டாம் என்றான். கடற்கரைக்காரன் கடலுக்கு ஒரு திரை கேட்டான், கோடு கேட்கவில்லை. அவன் விட்டுப்போன நீலப் பகடையை அந்த ஆட்டத்தில்தான் திருப்பிக் கொடுத்தேன்.

போன வாரம் கதையில் அவர்கள் ஒரு முச்சந்தியில் நின்றார்கள். இடப்பக்கம் போனால் உறைந்த துறைமுகம், வலப்பக்கம் மலை. நான் வாயைத் திறக்காமல் காத்திருந்தேன். அவன் இடப்பக்கம் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்துவிட்டு எடுத்தான். "இன்னைக்கு வேண்டாம் மக்கா. மலைக்குப் போவோம்." நான் குளச்சல் ஃபிளெக்ஸைச் சுருட்டி வைத்துவிட்டு மாத்தூர் பாலத்தை விரித்தேன்.